சங்கிலி பிடித்தவர்

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார் சென்னியப்பன். இன்னும் யாரும் இழுக்கச் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டு நின்றால் போதும். நிற்பது அவருக்குப் புதிதல்ல. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலம் முழுக்கக் கையில் பச்சைக் கொடியோடு நின்றவர்தான். ஆனால் அங்கே அவர் கொடியை அசைத்தால்தான் ரயில் நகரும். இங்கே காருக்குள்ளிருந்து ஆறுச்சாமி "ம்" என்பார், காருக்கு முன்னால் குனிந்திருக்கும் சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி பதிலுக்கு "ம்" என்பாள், அந்த இரண்டு 'ம்'களுக்கு நடுவில் என்ன பேசி முடித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது, கடைசியில் "இழுங்க" என்று ஒரு சொல் அவர் பக்கமாக வரும், கட்டிப்போட்ட மாட்டுக்கு வைக்கோல் போடுகிற மாதிரி. அவர் இழுப்பார். செயின் பிளாக் என்பது அப்படியொன்றும் புரியாத சாதனமில்லை. மேலே கூரையின் இரும்பு கர்டரில் ஒரு உருளை தொங்குகிறது. அதிலிருந்து இரண்டு சங்கிலிகள் இறங்குகின்றன. ஒன்று இஞ்சினைத் தூக்குகிற கனத்த சங்கிலி, இன்னொன்று ஆள் இழுக்கிற மெல்லிய சங்கிலி. முழங்கை நீளம் இழுத்தால் இஞ்சின் ஒரு விரல் அகலம் ஏறும். விட்டால் விழாது, உள்ளே ஒரு பல் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு பல்லுக்கும் கிடுக் கிடுக் என்று ஒரு சத்தம். இதை அவருக்கு விளக்கிச் சொன்னது வசந்தாமணி. அவள் ஐ.டி.ஐ.யில் பையன்களுக்கு மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்தவள், விளக்குவது அவளுக்குக் கைவந்த விஷயம். விளக்கும்போது அவள் முகத்தில் இருந்த பொறுமையை அவர் கவனித்தார். முதல் வருஷப் பையனுக்குக் காட்டுகிற பொறுமை. ஆறுச்சாமிக்கு அவள் எதையும் விளக்குவதில்லை.

போத்தனூர் வீட்டின் பின்பக்கத்து ஷெட்டில் அந்த மோரிஸ் மைனர் நின்றது. வசந்தாமணியின் அப்பா வாங்கி ஓட்டிய கார். அவர் போன பிறகு மகன்கள் யாரும் வேண்டாம் என்று சொல்ல, இங்கே வந்து சேர்ந்து, ஓடாமல் நின்றுவிட்டது. கியர் விழவில்லை, இஞ்சின் எண்ணெய் கக்கியது. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் வெளியே எடுத்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும் என்று வசந்தாமணி சொன்னாள். ஓய்வு பெற்றதும் அவள் சொன்ன முதல் ஆசை அதுதான். கோயில் குளம் போகலாம் என்று அவர் நினைத்திருந்தார், ராமேஸ்வரத்துக்குப் பாஸ்கூட இருந்தது. அவள் காரைச் சொன்னாள். சரி, கார் அவள் அப்பாவுடையது. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே ஆறுச்சாமி அண்ணனைக் கூப்பிடலாம் என்றாள், ஒரு மூச்சு இடைவெளிகூட விடாமல். காரும் ஆறுச்சாமியும் அவள் மனசுக்குள் ஒரே போல்ட்டில் பூட்டியிருந்த மாதிரி. ஆறுச்சாமி அவளோடு அதே ஐ.டி.ஐ.யில், அதே பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் அங்கே இருந்தார், அவளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஓய்வு பெற்றார். குனியமுத்தூரில் வீடு, மனைவி, பேரப் பிள்ளைகள். மனைவி கொடுத்தனுப்பிய நிலக்கடலை உருண்டை இப்போதுகூட ஜன்னல் விளிம்பில் டப்பாவில் இருக்கிறது. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சென்னியப்பன் சந்தேகப்படவுமில்லை. அதை அவர் தனக்குத்தானே நன்றாகச் சொல்லிக்கொண்டார், சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சந்தேகமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தேகத்துக்கு ஒரு கேள்வி உண்டு, கேட்டால் ஒரு பதில் வரும். இது அப்படியில்லை. காருக்குள்ளிருந்து ஒரு கை நீளும், அதில் எந்த ஸ்பேனர் வேண்டும் என்று அவள் கேட்கமாட்டாள், அந்தக் கை சொல்லாது, ஆனால் சரியான ஸ்பேனர் அதில் போய் உட்காரும். இதில் எதைக் கேட்பது? யாரிடம் கேட்பது?

"ஏனுங் மாப்ள, சிக்னல் விழலீன்னு நிக்கறீங்களா?" என்று காருக்குள்ளிருந்து ஆறுச்சாமி கேட்டார். முன் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, தரைத் தகட்டையும் எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலுக்குக் கீழே கியர் பாக்ஸின் வால் தெரிந்தது. சென்னியப்பன் சிரித்தார். சிரித்துத்தான் ஆக வேண்டும். மாப்ள என்கிற சொல்லில் இருக்கிற வசதியைப் பார், என்று நினைத்தார். வசந்தாமணியைத் தங்கச்சியாக்கி, என்னை மாப்பிள்ளையாக்கி, ஒரே சொல்லில் உறவுமுறையை முடித்துவிட்டார், இனி நான் முகத்தைச் சுளித்தால் தப்பு என்னுடையது. அவளை அவர் அம்மணி என்று கூப்பிடுகிறார். இந்தப் பக்கத்தில் மகளையும் தங்கையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பஸ் கண்டக்டர்கூடக் கூப்பிடுவார். ஆனால் சென்னியப்பன் அவளை என்னவென்று கூப்பிடுகிறார்? யோசித்தார். கையில் சங்கிலி, மேலே கர்டரில் ஒரு குருவி, அவர் யோசித்துப் பார்த்தார். கல்யாணமான புதிதில் வசந்தா என்றார். குழந்தை பிறந்ததும் பாப்பா அம்மா. பாப்பா வளர்ந்து கல்யாணமாகிப் போனதும் அதுவும் போயிற்று. இப்போது அவர் எந்தப் பேரும் சொல்வதில்லை. "இங்க பாரு" என்பார். "கேட்டியா" என்பார். பேரில்லாமல் ஒரு ஆளை எத்தனை வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது இந்த ஷெட்டில், இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதானா தெரிய வேண்டும். இனிமேல் அம்மணி என்று கூப்பிடவும் முடியாது. அந்தப் பேரை வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

காலையிலிருந்தே எல்லாம் அப்படித்தான் நடந்தது. பானெட்டைக் கழற்றினார்கள், ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணவில்லை, தூக்கினார்கள், அது காகிதம்போல் எழும்பியது. எங்கே வைப்பது என்றும் பேசவில்லை. நேராகக் கொண்டுபோய்ச் சென்னியப்பன் மத்தியானம் படுக்கிற கயிற்றுக்கட்டிலில், அவருடைய போர்வையை விரித்து அதன்மேல் வைத்தார்கள். இப்போதும் அங்கேதான் படுத்திருக்கிறது, அவரைவிடச் சௌகரியமாக. பிறகு ரேடியேட்டர், பிறகு கார்புரேட்டர், பிறகு சைலன்சர் குழாய். கீழே போக வேண்டியதெல்லாம் ஆறுச்சாமி பங்கு, மேலே நின்று செய்வதெல்லாம் வசந்தாமணி பங்கு. ஐ.டி.ஐ. பட்டறையில் முதல் வருஷத்தில் யார் வகுத்தார்களோ, வகுத்தது வகுத்ததுதான். நடுவில் இருப்பதை யாருடைய கை முதலில் எட்டுகிறதோ அவர்கள் கழற்றிவிடுவார்கள், கழற்றியதைச் சொல்வதில்லை, மற்றவருக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று சென்னியப்பன் ஒருமுறை கேட்டிருக்கிறார். "தெரியுமுங்க" என்றாள். அவ்வளவுதான் பதில். வேலை ஆரம்பிக்கும் முன்னால் அவள் கண்ணாடி வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள், தாலிக் கொடியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிப் பின்னூசி குத்தினாள், விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி, போகிற போக்கில் அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனாள். இஞ்சின் வேலையில் மோதிரம் போட்டிருந்தால் விரலோடு போய்விடும் என்று பையன்களுக்குச் சொல்வாளாம். அந்த மோதிரம் பையில் கிடந்தது. அவர் அதை மறந்துபோயிருந்தார்.

செயின் பிளாக்கை மாட்டி, இஞ்சினைச் சுற்றி சங்கிலியைக் கட்டி, எல்லாம் தயார் என்றபோது அவர் கேட்டார். கேட்டது தப்பா? தொழில் புத்தி அது. ரயில்வேயில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை அனுப்பும் முன், இந்த மாஸ்டர் அந்த மாஸ்டரைப் போனில் கூப்பிட்டு, வண்டியின் பெயரைச் சொல்லி, பாதை காலியா என்று கேட்பார். அந்த மாஸ்டர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லி, காலி என்று சொல்லி, தன் ரகசிய எண்ணைச் சொல்வார். இவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்வார். அப்புறம்தான் வண்டி. அடுத்த ஸ்டேஷனில் இருப்பவர் உடன்பிறந்த தம்பியாக இருந்தாலும், கூடப் படுத்து வளர்ந்தவராக இருந்தாலும், தெரியும் என்பது பதிலாகாது. சொல்ல வேண்டும், திருப்பிச் சொல்ல வேண்டும். பணிக்காலம் முழுக்க அப்படியே இருந்து, அவர் கையில் ஒரு வண்டிக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் கேட்டார், "எல்லாம் கழட்டியாச்சா?" என்று. உள்ளிருந்து ஒரு குரலும் வெளியிலிருந்து ஒரு குரலும் ஒரே நொடியில், ஒரே சுருதியில் சொல்லின: "ஆச்சு." இரண்டு வாயில் ஒரு சொல். சொன்ன பிறகு அவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவர் கவனித்தார். அந்த 'ஆச்சு' அவர் நெஞ்சுக்குள் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தார், வரவில்லை. என்ன ஆச்சு, எது எது ஆச்சு, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும், ஆனால் அந்த ஒற்றைக் குரலுக்கு எதிரில் தன் குரலை வைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"இழுங்க" என்றாள் வசந்தாமணி. இழுத்தார். கிடுக் கிடுக் கிடுக். கனத்த சங்கிலி விறைத்தது, கர்டர் லேசாக முனகியது, குருவி பறந்தது. இஞ்சின் தன் இருக்கையை விட்டு ஒரு விரல் எழுந்தது. பழைய எண்ணெயும் துருவும் கலந்த வாசம் மேலே வந்தது. அது ஐ.டி.ஐ. வாசம், அவருக்குத் தெரியும், அவள் புடவைகளில் அந்த வாசத்தோடுதான் அவர் குடித்தனம் நடத்தினார். இந்த வாசம் அவருக்குப் புதிதாக இருந்த காலத்தில் ஒரு நாள். கல்யாணமாகி முதல் வருஷம், அவள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டாள், அவருக்கு அன்று இரவு முறை, பகலில் சும்மா இருந்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு தூக்கோடு ஐ.டி.ஐ.க்குப் போனார். மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அவள் ஆச்சரியப்படுவாள் என்று. பட்டறை வாசலில் நின்று பார்த்தார். ஒரு ஜீப்பின் இஞ்சினுக்குள் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஒரு முதுகு நீலச் சட்டை, ஒரு முதுகு அவர் வாங்கிக் கொடுத்த சேலை. அவர்கள் ஒன்றுமே பேசவில்லை. பேசியிருந்தால் அவர் உள்ளே போயிருப்பார். சிரித்திருந்தாலும் போயிருப்பார். அந்த இரண்டு தலைகளும் ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன, இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, அதில் எங்கோ ஒரு பிசகு, அதைத் தேடி இரண்டு பேரும் ஒரே காதாகக் குனிந்திருந்தார்கள். சட்டென்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தைக் கையால் காட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது. தூக்கை வாசலில் இருந்த பியூனிடம் கொடுத்துவிட்டு அவர் திரும்பிவிட்டார். சாயங்காலம் அவள், யார் கொண்டுவந்தது என்று கேட்டாள். நான்தான் என்றார். உள்ள வந்திருக்கலாமுல்லங்க என்றாள். வண்டி நேரம் என்றார். இரவு முறைக்காரனுக்குப் பகலில் என்ன வண்டி நேரம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும், கேட்கவில்லை, அது அப்படியே எங்கேயோ தொங்கியபடி நின்றுவிட்டது, ஒரு பல்லில் பிடித்துக்கொண்டு, ஏறாமலும் இறங்காமலும்.

"இன்னொண்ணு" என்றது காருக்குள்ளிருந்து. கிடுக் கிடுக். போன வாரம் ஆறுச்சாமி காரைப் பார்க்க வந்தபோது ஷெட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். சென்னியப்பன் முன் அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அது வசந்தாமணி சிரிப்பு என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று, அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை, வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. எழுந்து போவதற்குள் நின்றுவிட்டது. என்ன சிரிப்பு என்றார். ஒன்றுமில்லை, கார்புரேட்டர் விஷயம் என்றாள். அன்றிலிருந்து அவர் யோசிக்கிறார். கார்புரேட்டரில் சிரிக்க என்ன இருக்கிறது? ரயில்வேயில் எத்தனையோ தமாஷ் உண்டு, வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறார், அவள் 'ம்' என்பாள். ஆறுச்சாமிக்குச் சொல்கிற 'ம்' வேறு, இவருக்குச் சொல்கிற 'ம்' வேறு. அந்த 'ம்'மில் ஒரு வேலை முடியும். இந்த 'ம்'மில் பேச்சு முடியும். இவரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும், அது ஸ்டேஷன் ரெஃப்ரெஷ்மென்ட் ரூம் சர்வருக்கும் தெரியும். இடது காது மந்தம் என்று தெரியும், அது டாக்டருக்குத் தெரியும். கை நீட்டினால் என்ன கேட்கிறேன் என்று தெரியுமா? நீட்டிப் பார்த்ததில்லை. நீட்டினால் அவள் என்ன வைப்பாள்? என்ன வேணும் என்று கேட்பாள்.

இஞ்சின் இப்போது மூக்கை மேலே தூக்கி, வாலைக் கீழே தொங்கவிட்டுச் சாய்ந்து நின்றது. அப்படித்தான் வர வேண்டும். ஆறுச்சாமி உள்ளிருந்து வாலை முன்னால் தள்ள வேண்டும், வசந்தாமணி முன்னாலிருந்து வாங்க வேண்டும், அவர் மேலே தூக்க வேண்டும். இஞ்சினின் முதுகு காரின் உள்சுவரில் உரசாமல் பார்ப்பதற்காக அவள் வலது கையை அந்த இடுக்கில் விட்டு, உள்ளங்கையை இஞ்சினில் பதித்திருந்தாள். அவள் எதையும் தொட்டுத்தான் பார்ப்பாள். புறங்கைக்குப் பின்னால் இரும்புச் சுவர். முன்னால் அத்தனை கனம், ஒரு கொக்கியில். "சித்த நில்லுங்க" என்றாள். நின்றார். நின்ற இடத்திலிருந்து அவருக்கு அந்த இடுக்கு தெரிந்தது. அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அவள் தலை இந்தப் பக்கம், ஆறுச்சாமி தலை அந்தச் சுவருக்குப் பின்னால். தரைத் தகட்டை எடுத்த ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்து அந்த இடுக்கை நன்றாகக் காட்டியது. அங்கே ஒரு பட்டை. செம்புக் கம்பிகளைச் சடைபோல் பின்னிய பட்டை, களிம்பு பிடித்து இஞ்சினின் நிறமாகவே ஆகிவிட்டது. ஒரு முனை கியர் பாக்ஸின் தோளில், ஒரு முனை காரின் உடம்பில். அதை அவருக்குத் தெரியும். காரில் இருப்பது தெரியாது, தண்டவாளத்தில் தெரியும். ஒரு தண்டவாளத்தையும் இன்னொன்றையும் மின்சாரத்துக்காகச் சேர்த்துக் கட்டுகிற பட்டை இதேபோல்தான் இருக்கும். காலையில் தொளதொளவென்று தொங்கியிருக்கும். இப்போது இழுபட்டு நேராகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரில் ஒருவரும் அதைக் கழற்றவில்லை. நடுவில் இருக்கிற சாமான். ஆறுச்சாமி எடுத்திருப்பார் என்று அவள் இருந்திருக்கிறாள். அவள் எடுத்திருப்பாள் என்று ஆறுச்சாமி. ஆச்சு என்றார்களே. ஒரே குரலில் ஆச்சு என்றார்களே.

அவருக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. குளிர்ச்சிதான், வெட்கமாக இருந்தாலும் அதுதான் அதன் பேர். வெயிலில் வந்தவன் மோர் குடித்ததுபோல. உங்களுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிகிறது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது, உங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் படவில்லை, சங்கிலி பிடிக்க வந்தவன் கண்ணில் பட்டிருக்கிறது. சொல்ல வேண்டும், சொல்லத்தான் போகிறார், வாய்கூடத் திறந்தார். அந்த நேரத்தில் காருக்குள்ளிருந்து ஆறுச்சாமி, "அம்மணி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள், "ஆமாங்ணா, நானும் பாத்தேன், இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பறேன்" என்றாள். என்ன பார்த்தாள்? அவர் என்ன கேட்டார்? பேரை மட்டும்தானே சொன்னார்? "இழுங்க" என்றார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. சொன்னது அவர்கள். சொன்னதைச் செய்வதுதானே சங்கிலி பிடித்தவன் வேலை. மாஸ்டரை யாரும் கேட்கவில்லை, யாரும் பாதை காலியா என்று கேட்கவில்லை. இழுத்தால் பட்டை இன்னும் விறைக்கும், இஞ்சின் ஒரு பக்கம் திருகும், பட்டை தெறித்தால் அத்தனை கனமும் திரும்பி வந்து சுவரில் மோதும், அப்போது தெரியட்டும், தெரியும் தெரியும் என்கிறவர்களுக்குத் தெரியட்டும். அவர் கை இறங்கியது. கிடுக். கையை உயர்த்திப் பிடித்து இழுத்ததில் சட்டைப் பைக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து நெஞ்சில் பட்டது. சின்னதாக, வட்டமாக. சுவருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் அவள் விரல்கள் இருந்தன. மோதிரம் இல்லாத விரல்கள். அவர் கை பாதியில் நின்றது. நின்றது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் தொடங்கிய இழுப்பு முடியாமல் விடாது என்பதுபோல் கை தானாகவே மிச்சத்தையும் இழுத்தது. கிடுக். பட்டை கம்பிபோல் விறைத்து ஒரு மெல்லிய ஒலி எழுப்பியது. இஞ்சின் லேசாகத் திரும்பியது.

"நில்லு" என்றார். ஸ்டேஷன் குரல், பிளாட்பாரத்தின் கடைசிவரை போகிற குரல். "கையை எடு. வசந்தாமணி, கையை எடு. எடுத்துட்டேன்னு சொல்லு."

கல்யாணப் பத்திரிகையில் தவிர அந்தப் பேரை அவர் முழுசாகச் சொன்னதில்லை. அவள் கை வெளியே வந்தது. "எடுத்துட்டேன்" என்றாள். "கியர் பாக்ஸ் தோள்ல ஒரு செம்புப் பட்டை இருக்குது," என்றார் சென்னியப்பன், ஒவ்வொரு சொல்லாக, எதிர் ஸ்டேஷனுக்குச் சொல்வதுபோல. "ஒரு முனை காரோட இருக்குது. கழட்டலை. விறைச்சு நிக்குது." ஆறுச்சாமி உள்ளே குப்புறப் படுத்து, ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வசந்தாமணி ஒரு டார்ச்சை எடுத்து மேலிருந்து பார்த்தாள். இரண்டு தலைகளும் ஒரே இடத்தில் குனிந்தன.

"எர்த் பட்டை," என்றார் ஆறுச்சாமி. "நீ எடுத்திருப்பேன்னு இருந்துட்டேன் அம்மணி."

"நீங்க எடுத்திருப்பீங்கன்னு நான் இருந்துட்டனுங்ணா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சேர்ந்து சிரித்தார்கள், வயிற்றிலிருந்து வருகிற அதே சிரிப்பு, பயம் தெளிந்தவர்களின் சிரிப்பு. கார்புரேட்டர் சிரிப்பும் இப்படித்தான் இருந்தது. சென்னியப்பனுக்கு மறுபடி அங்கேயே வலித்தது. தப்பைக்கூடச் சேர்ந்துதான் செய்திருக்கிறார்கள். கண்டுபிடித்தது அவர், ஆனால் அவர்களுக்குப் பகிர்ந்துகொள்ள இன்னும் ஒன்றைக் கொடுத்திருக்கிறார், இனி இந்த எர்த் பட்டைக் கதையை எத்தனையோ தடவை சொல்லிச் சிரிப்பார்கள், அதில் சங்கிலி பிடித்தவருக்கு ஒரு வரி இருக்கும். ஆறுச்சாமி ஓட்டைக்குள்ளிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நெற்றியில் கிரீஸ். "மாப்ள, நீங்க மட்டும் பாக்கலீன்னா அம்மணி கை இன்னைக்கு அப்பளமுங்க," என்றார். சிரிப்பு போயிருந்தது. "எப்படிங்க பாத்தீங்க?" வெளிச்சம் விழுந்தது, பார்த்தேன், பார்த்ததும் சொன்னேன் என்றார் சென்னியப்பன். பார்த்ததும் சொன்னேன். சொல்லிவிட்டு அந்தச் சொற்களை வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லிப் பார்த்தார், தொழில் பழக்கம். பார்த்ததும். சொன்னேன். நடுவில் ஒரு கிடுக். நடுவில் இன்னொரு கிடுக். எந்த ஸ்டேஷனிலும் இல்லாத நடு. அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் பணிக்காலம் முழுக்க. ஆனால் ஒன்றும் ஆகாததற்கும் ஒன்றும் செய்யாததற்கும் நடுவில் ஒரு முழங்கை நீளச் சங்கிலி இருந்தது. அதை இழுத்தது இந்தக் கை. அவர் தன் கையைப் பார்த்தார், சங்கிலியின் துரு அதில் வளையம் வளையமாகப் படிந்திருந்தது.

வசந்தாமணி வேறு பக்கமாக இழுக்கச் சொன்னாள், அவர் சங்கிலியை எதிர்ப்பக்கம் இழுத்து இஞ்சினைக் கொஞ்சம் இறக்கினார், பட்டை தொய்ந்தது. ஆறுச்சாமி காருக்கு அடியில் போய்ப் படுத்து, துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். டங் டங் என்ற சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. சங்கிலியில் ஒரு பழைய துணி தொங்கியது. வசந்தாமணி அதில் கை துடைக்க அவர் பக்கத்தில் வந்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைச் சமையல்கட்டிலிருந்தே கேட்டு, அதில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவள் அவள். சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டுவாள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்திருக்கிறார்.

"அந்தக் கடைசி இழுப்பு," என்றாள், கையைப் பார்த்தபடியே, "மத்ததுமாதிரி வரலீங்க. பாதில நின்னு, அப்பறம் வந்துச்சு."

சுத்தியல் தட்டியது. அவருக்குக் காது அடைத்தது, மந்தமான காது மட்டுமல்ல, இரண்டும். சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. பட்டை இழுபட்டதில் சங்கிலி நின்றிருக்கும் என்று சொல்லலாம், அவள் நம்பாமல் இருக்க முடியாது, இயந்திர நியாயம் அது. தூக்கைப் பியூனிடம் கொடுத்த நாளைச் சொல்லலாம். கார்புரேட்டரைச் சொல்லலாம். அம்மணி என்கிற சொல்லைச் சொல்லலாம். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்க ஒன்றும் இல்லாத விரல்களை. கேள்வி அவள் முகத்தில் இல்லை. ஒரு இஞ்சினின் பிசகு எங்கே என்று தெரிந்துவிட்ட முகம் அது, அவருக்கு அந்த முகம் தெரியும், பட்டறை வாசலில் நின்றபோது முதுகுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும் முகம். இவ்வளவு காலமும் அது தன் பக்கம் திரும்பவேண்டும் என்றுதான் அவர் நின்றிருந்தார். திரும்பிவிட்டது. திரும்பியபோது அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"ம்" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

காருக்கு அடியிலிருந்து, "வந்துருச்சுங்க" என்று ஆறுச்சாமி பட்டையைத் தூக்கிக் காட்டினார். செத்த பாம்பைப்போல அது அவர் கையில் தொங்கியது. மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார். வசந்தாமணி முன்னால் போய்க் குனிந்தாள். வலது கையை அதே இடுக்கில் விட்டாள், அதே இடத்தில் உள்ளங்கையைப் பதித்தாள், புறங்கைக்குப் பின்னால் அதே சுவர். சென்னியப்பன் சங்கிலியை விட்டு ஓரடி முன்னால் வந்தார். அங்கே வேண்டாம், ஒரு கட்டையைச் சொருகிக்கொள், கையை எடு என்றார்.

"இங்கயேதான் வைக்கணும்," என்றாள் அவள். "எனக்கு அந்தப் பக்கம் தெரியலீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. சொல்லிட்டு இழுங்க."

உள்ளிருந்து ஆறுச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், "அம்மணி" என்றார், அவள் பதில் சொல்லவில்லை. காத்திருந்தாள். சென்னியப்பன் சங்கிலியைப் பிடித்தார். இடுக்கைப் பார்த்தார். வெளிச்சம் முழுசாக இருந்தது.

"பட்டை இல்லை," என்றார்.

"பட்டை இல்லை" என்றாள்.

"பின்பக்கம் ஒயர் எதுவும் இல்லை."

"ஒயர் எதுவும் இல்லை."

"உன் கை சுவரை ஒட்டி இருக்குது." இடுக்கை மறுபடி பார்த்தார். "நடுவுல ரெண்டு விரல் எடம்."

"ரெண்டு விரல் எடம்."

"ஒரே ஒரு இழுப்பு இழுக்கறேன்."

"ஒரே ஒரு இழுப்பு," என்றாள் வசந்தாமணி. "இழுங்க."

அவள் கையை எடுக்கவில்லை. அவர் இழுத்தார்.